பாதி முன்பணம்

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று சீதா அடுப்படியிலிருந்து கூப்பிட்ட தினுசிலேயே ஏதோ கண்றாவி என்று ஜெயபாலனுக்குத் தெரிந்துவிட்டது. கரப்பான் ஏதாவது செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு போனான். கரப்பானாக இருந்திருந்தால் தேவலை. அவள் பிரித்து வைத்திருந்த வெந்தயப் பொட்டலத்தின் காகிதத்திலிருந்து ஒரு பெண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண், பாதி மூக்கு, காதோரம் சுருண்ட மயிர். அந்தச் சுருளுக்கு மட்டும் அவன் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருந்தான். இப்போது அவள் கன்னத்தில், நிறுத்து வாங்கிய கால் கட்டி வெந்தயம் குவிந்து கிடந்தது.

"இது நீங்க எண்ணெய்ப் புட்டிக்குப் போட்ட படம்தானே?" என்றாள் சீதா.

அதேதான். போன தீபாவளிக்கு முன்னால் மலாக்காவில், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அப்பாசாமி முதலாளி, தன் நல்லெண்ணெய்ப் புட்டிக்கு லேபிள் வேண்டுமென்று ஒரு போட்டி வைத்தார். படம் வரையத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒன்று வரைந்து கொண்டுவர வேண்டும். பிடித்த படத்துக்குப் பரிசு, பிடிக்காத படம் திருப்பித் தரப்படும். ஜெயபாலன் பதினான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தான். கடைசியில் முதலாளி, "ஒண்ணும் மனசுக்கு ஒட்டலப்பா" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்துக் கடைக்குப் புதுப் புட்டி வந்தது. சிங்கப்பூர் ஆள் ஒருவன் போட்ட லேபிளாம். அதே பெண், அதே சுருள், அதே சாய்ந்த கழுத்து. சேலை மட்டும் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருந்தது. ஜெயபாலன் போய்த் தன் படத்தையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, "பத்திரமா இருக்கும்ப்பா, எங்க போயிடப் போவுது" என்றார். பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. கடையில் பொட்டலம் மடிக்கிற காகிதக் கட்டோடு சேர்ந்து.

"வெந்தயத்தை டப்பாவுல கொட்டிடறேன். காகிதத்தை என்ன செய்யறது?" என்றாள்.

அவள் கொட்டியதும் அவன் காகிதத்தை உதறி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்கு அருவருப்புதான் வந்தது. பசியாறாமலே வேலைக்குப் போனான்.

வேலை என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. காஜா பெராங் சாலையில் ஒரு அச்சகம். அங்கே மருந்து லேபிள், ஊதுபத்திக் கூடு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் படம் போட்டு எழுத்து எழுதுகிறவன் அவன். மாதச் சம்பளம் கிடையாது. வாடிக்கைக்காரர் மூன்று மாதிரி கேட்பார். மூன்றும் போட வேண்டும். அவர் பொறுக்கிய ஒன்றுக்குத்தான் கூலி. மற்ற இரண்டும் இவன் பொழுது போகாமல் கிறுக்கியவை. உட்காருமிடம் காகிதக் கட்டு அடுக்கிய பின்கட்டு. மெஷினைத் துடைத்த மண்ணெண்ணெய்த் துணியெல்லாம் அங்கேதான் வந்து குவியும். மத்தியானச் சோற்றை எதைப் போட்டுப் பிசைந்தாலும் மண்ணெண்ணெய்தான் மணக்கும். வெளிச்சத்துக்குக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அந்த வெளிச்சம் நகர நகர இவனும் மேசையை இழுத்துக்கொண்டே போவான். காலையில் சுவரோரம் தொடங்கினால் சாயங்காலம் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் இருப்பான்.

பதினோரு வருஷம் அங்கே கிடந்ததில் அவன் விரலுக்கு ஒரு பழக்கம் ஏறியிருந்தது. எதை வரையத் தொடங்கினாலும் முதலில் காகிதத்தின் நாலு மூலையிலும் பொடியாக ஒரு கூட்டல் குறி போட்டுவிடுவான். மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் உட்கார அச்சடிப்பவருக்கு அந்தக் குறி வேண்டும். வாசலில் போடச் சீதா கோலம் கேட்டால், அதை வரைந்து கொடுக்கும் காகிதத்திலும் மூலைக்கு மூலை குறி இருக்கும். "கோலத்தையும் மெஷின்லயா ஓட்டப் போறீங்க?" என்று அவள் சிரிப்பாள்.

அன்று சாயங்காலம் அவன் இரண்டு பேரைக் காஜா பெராங் முனையில் இருக்கும் ஹைனான் சீனன் கோப்பிக் கடைக்கு வரச் சொன்னான். ஒருவன் தம்பிராஜா. உஜோங் பாசிரில் வீடு. தியேட்டருக்குப் பத்தடி உயரத் துணியில் நடிகர்கள் முகம் எழுதுகிறவன். சின்ன நோட்டீஸில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி, மூக்கு ஒரு கட்டம், கண் ஒரு கட்டம் என்று ஏற்றிக்கொண்டு போவான். படம் ஓடினால் முழுக்கூலி. ஓடாவிட்டால் பாதிக்கூலி. படத்தை எடுத்தவன் தலையெழுத்துக்கும் இவன் தூரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று மேனேஜரை யாரும் கேட்டதில்லை.

இன்னொருவர் சின்னப்பா. தலைமுறை தலைமுறையாக மலாய் பேசி வாழும் காஜா பெராங் சிட்டித் தமிழர்களில் ஒருவர், ஐம்பது வயதுக்காரர். கடைப் பலகை எழுதுவதும் கோயில் தேருக்கு வர்ணம் அடிப்பதும் அவர் பிழைப்பு. தமிழில் அவருக்கு உறவுமுறைச் சொற்களும் சாமி கும்பிடுகிற சொற்களும்தான் தெரியும், மற்றதெல்லாம் மலாய்தான். தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாமலே அச்சுப்போல எழுதுவார். அவர் கையை ஊரில் குருடனும் அடையாளம் சொல்வான். யானையின் காது வெற்றிலை மாதிரி இருக்கும். ஓரத்துக்குக் கொடி ஓட்டினால் அஞ்சிதழ்ப் பூவாகப் பூக்கும், அதில் ஒரு இதழ் மட்டும் கவனித்துப் பார்த்தால் மடங்கியிருக்கும். அவருடைய மனைவி தெய்வானை கெபாயாச் சட்டையில் தைக்கிற பூ அது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு துணிக்கடைப் பலகை எழுதும்போது சாரம் சரிந்து விழுந்ததில் அவருக்கு ஒரு முழங்கால் மடங்குவதில்லை. மீதி எழுத்தை வேறு ஆளை வைத்து எழுதிக்கொண்ட கடைக்காரர், அந்த ஆளின் கூலியைச் சின்னப்பாவின் கூலியில் கழித்துக்கொண்டார்.

ஜெயபாலன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தான்.

தம்பிராஜா பார்த்துவிட்டு, "தூ!" என்றான். "என் படம் எதுல பொட்டலமாச்சோ! கடுகோ பெருங்காயமோ!"

சின்னப்பா காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அந்தப் போட்டிக்கு அவரும் ஒரு படம் கொடுத்திருந்தார். பலகையில் நேராக எழுதியே பழகிய மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாகக் காகிதம் வாங்கி வரைந்தது அதற்காகத்தான்.

"இனிமே நாம ஒரு முடிவு எடுக்கணும்" என்றான் ஜெயபாலன். அவனே மலாயிலும் ஒருமுறை சொன்னான். பாதிப் பணம் முன்னால் வராமல் யாருக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டுவதில்லை. போட்டி, மாதிரி, பிடித்தால் பார்க்கலாம் என்கிற பேச்சுக்கெல்லாம் அசைவதில்லை. மூன்று பேரும் நின்றால் மலாக்காவில் படம் வேண்டுகிறவன் எங்கே போவான்? அவன் பேசப் பேசத் தம்பிராஜா மேசையைத் தட்டினான். பேச்சு ஜெயபாலனுக்கே இனித்தது.

சின்னப்பா உடனே தலையாட்டவில்லை. கோப்பியை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். அவர் மலாயில் சொன்னது இது: "தம்பி, நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். எனக்கு அதை அங்கே இங்கே வளைக்கத் தெரியாது. உங்களால் முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். கோப்பியோடு முடிந்துபோகட்டும்."

"அண்ணே, யோசனை சொன்னதே நான்தான்" என்றான் ஜெயபாலன், கொஞ்சம் ரோஷத்தோடு.

சின்னப்பா அவனைப் பார்த்துச் சிரித்தார். மூன்று கோப்பிக்கும் அவரே காசு கொடுத்தார்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, ஜூலை மாதத்துத் தொடக்கத்தில். ஆகஸ்டு கடைசியில் மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திரம். ஊரே கொடி தைத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் போனதும் அப்பாசாமி முதலாளியிடமிருந்து மூன்று பேருக்கும் ஆள் வந்தது.

கடையின் உள்ளறையில் முதலாளி முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விரலைக் கணக்குப்பிள்ளை கணேசமூர்த்தி நீட்டிய ரசீதில் துடைத்தார். பிறகு கோழியிறகை எடுத்துக் காதைக் குடைந்தார். குடைந்த இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மேசை விளிம்பில் தேய்த்தார். அதே மேசைமேல்தான் போன வருஷம் தன் படத்தை வைத்தோம் என்று ஜெயபாலனுக்கு நினைவு வந்தது. உடம்பெல்லாம் பிசுபிசுத்தது.

"நாடு சுதந்திரம் வாங்கப் போவுது" என்று ஆரம்பித்தார் முதலாளி. அவர் வியாபாரிகள் அலங்காரக் குழுவின் தலைவர். மேடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே குரல்தான். "நம்ம சார்புல ரோட்டுல ஒரு வளைவு வைக்கப் போறோம். யானை இருக்கணும், மலாக்கா மரம் இருக்கணும், குத்துவிளக்கு இருக்கணும். பார்த்தா சுதந்திரம் தெரியணும். ஆளுக்கொரு படம் போட்டுக் கொண்டாங்க. நல்லதா பார்த்து எடுத்துக்கறோம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயபாலன்தான் வாயைத் திறந்தான். "பாதிப் பணம் முன்னால வேணும் முதலாளி. மூணு பேருக்குமே. குடுத்தீங்கன்னா வரைஞ்சு காட்டறோம்."

முதலாளிக்குச் சிரிப்பில் புரையேறியது. "சுதந்திரத்துக்கு முன்பணமா! ஏம்ப்பா, நாட்டுக்காக உயிரக் குடுக்கறான் ஒவ்வொருத்தன். உனக்கு ஒரு காகிதம் குடுக்க வலிக்குதா?" நாட்டுக்காக அவர் என்ன கொடுத்தார் என்று கேட்க ஜெயபாலனுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் முதலாளி தூண்டிலைப் போட்டார். "எந்தப் படத்தை எடுக்கறோமோ அந்த ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு நம்ம கடை லேபிள் எல்லாம் அவனுக்குத்தான். மாசச் சம்பளம். முன்கட்டுல உட்கார்ந்து ஃபேனுக்குக் கீழ வரையலாம். சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா கோலாலம்பூர்ல ஆளா கிடையாது?"

வெளியே வந்ததும் தம்பிராஜா, "போவுது விடு, நாம அசையறதில்ல" என்றான். சின்னப்பாவைப் பொறுத்தவரை அது கோப்பிக் கடையிலேயே முடிவான விஷயம். காலை இழுத்து இழுத்து நடந்து போனார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஜெயபாலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தான். ஆனால் மேசையைக் கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தின் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முன்கட்டு ஃபேன் அவன் தலைக்குமேல் சுற்றியது. மாதச் சம்பளம். தேதி வந்தால் கையில் விழுகிற சம்பளம். புதன்கிழமை, தம்பிராஜா ஒரு காகிதக் கடையிலிருந்து கெட்டியான வரைபடக் காகிதத்தைச் சுருட்டிச் சைக்கிள் கேரியரில் கட்டுவதை அவன் பார்த்தான்.

"துணியில எழுதறவனுக்குக் காகிதம் எதுக்கு?" என்று கேட்டான்.

"அக்கா மகளுக்கு. பள்ளிக்கூடத்துல கேட்டாங்களாம்" என்றான் தம்பிராஜா, கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

ஜெயபாலன் அதை நம்பவில்லை. நம்பாததில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்ததுதான் கேவலம். தம்பிராஜா வளைந்துவிட்டான், இனி நான் மட்டும் நிமிர்ந்து நின்று என்ன செய்ய? மனுஷன் தப்புச் செய்யக் காரணம் தேடும்போது அது அவன் காலடியிலேயே கிடைத்துவிடுகிறது.

வியாழக்கிழமை காய்ச்சல் என்று அச்சகத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு வீட்டிலேயே பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். யானையின் வாலைக்கூடப் போடவில்லை, அதற்குள் ஒரு பயம் வந்தது. தன் கையை முதலாளி கண்டுகொள்வார். அங்கே வருகிற போகிறவர்கள் கண்டுகொள்வார்கள். சின்னப்பா காதுக்குப் போகும். அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. எங்கிருந்து வந்தது என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறான், வெளியிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. சின்னப்பா கையில் போட்டால் என்ன? பேர் எழுத வேண்டாம். முதலாளிக்குப் பிடித்தால், தனியாகப் போய், 'அது நான் போட்டதுங்க' என்று காதில் சொல்லிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் சின்னப்பா போட்டதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கை நன்றாக ஓடியது. வெற்றிலைக் காது. கொடி. அஞ்சிதழ்ப் பூ, அதில் ஒரு இதழை மறக்காமல் மடக்கினான். பச்சையும் ரோஜாவும் சின்னப்பா குழைக்கிற மாதிரியே பளீரென்று குழைத்தான். இத்தனை வருஷம் அச்சகத்தில் தானாக வரைந்ததைவிட இது நன்றாக வந்தது என்று அவனுக்கே பட்டது.

தேநீர் கொண்டுவந்த சீதா நின்று பார்த்தாள். "முன்பணம் வந்துருச்சா?"

"வரும்."

"இந்தப் பூ சின்னப்பா அண்ணன் பூவாட்டம் இருக்கே?"

"பூன்னா எல்லாம் பூதான். போய் வேலையப் பாரு."

அவள் தேநீரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி கோயிலுக்குப் போயிருப்பார் என்று கணக்குப் பண்ணிக் கடைக்குப் போனான். கணேசமூர்த்தி கல்லாவில் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். உள்ளறை வாசலில் ஒரு கூடை. அதற்குள் சுருளைப் போடக் குனிந்தவன், ஏற்கெனவே ஒரு சுருள் கிடப்பதைப் பார்த்தான். அப்பாடா என்றிருந்தது. இதைச் சொல்லாமல் மறைப்பதில் பிரயோஜனம் இல்லை, அவனுக்கு உண்மையிலேயே 'அப்பாடா' என்றுதான் இருந்தது. தம்பிராஜா நமக்கு முன்னாலேயே வந்துவிட்டான், நல்லது. சுருளைப் போட்டுவிட்டு வெளியே வந்து, வழியில் ஒரு ஐஸ் தண்ணீரும் குடித்தான்.

திங்கட்கிழமை மூன்று பேருக்கும் மறுபடி ஆள் வந்தது. ஜெயபாலனும் தம்பிராஜாவும் முதலில் வந்து சேர்ந்தார்கள். மேசைமேல் இரண்டு படங்கள் விரித்துக் கிடந்தன. காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கு மூலை புளி உருண்டையை வைத்திருந்தார்கள்.

"பாருங்கப்பா" என்றார் முதலாளி, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே. "நீங்க ரெண்டு பேரும் முறுக்கிக்கிட்டு நின்னீங்க. நொண்டிக் காலை வெச்சுக்கிட்டு சின்னப்பா ஒரே ஆளு ரெண்டு படம் குடுத்திருக்கான். இவனல்லவா மனுஷன்!"

ஜெயபாலன் தன் படத்தைப் பார்க்காமல் மற்றதைப் பார்த்தான். வெற்றிலைக் காது. அஞ்சிதழ்ப் பூ. மடங்கிய இதழ். சின்னப்பாவே போட்டுவிட்டாரா? குனிந்தான். யானையின் வயிற்றுக்குள்ளே, ரோஜா நிறத்துக்கு அடியில், அழித்தும் அழியாமல் பென்சில் கட்டங்கள் தெரிந்தன. வரிசை வரிசையாக, துணிக்கு ஏற்றுவதற்குப் போடுகிற கட்டங்கள்.

நிமிர்ந்தபோது தம்பிராஜா இன்னொரு படத்தின் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். புளி உருண்டைக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு கூட்டல் குறி. அடுத்த மூலையிலும் ஒன்று. நாலிலும் இருக்கும் என்று ஜெயபாலனுக்குத் தெரியும். போட்டது அவன் விரல். அவனுக்குத்தான் போடும்போது அது தெரியாமல் போயிருந்தது.

இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. ஒரே வீட்டில் திருட வந்த இரண்டு திருடர்கள் இருட்டில் முட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. உன் புத்தியும் என் புத்தியும் ஒன்றுதானா என்று அருவருத்துப்போய் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பினார்கள்.

சின்னப்பா காலை இழுத்துக்கொண்டு வந்தார். எங்கேயோ பலகை எழுதிக்கொண்டிருந்தவரைப் பாதியில் கூப்பிட்டிருக்கிறார்கள். விரலெல்லாம் காயாத பச்சைப் பெயிண்ட். மேசையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு பக்கத்தில் வந்து குனிந்தார். ஒரு படத்தின் நாலு மூலையையும், தொடாமல், ஒவ்வொன்றாக விரலால் சுட்டிப் பார்த்தார். இன்னொன்றை விளிம்பில் லேசாகத் தூக்கி வெளிச்சத்துக்குச் சாய்த்தார். எதற்கும் அவர் முகம் மாறவில்லை. அவர் தங்களைத் திரும்பிப் பார்ப்பார் என்று ஜெயபாலன் காத்திருந்தான். அவர் பார்க்கவேயில்லை.

"ரெண்டும் உன்னுதுதானே?" என்று முதலாளி தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடுவார், சொல்லிவிட்டு யாருடையது என்றும் சொல்லிவிடுவார் என்று ஜெயபாலன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"சாயா பூஞா" என்றார் சின்னப்பா. என்னுடையதுதான்.

ஜெயபாலனுக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அந்த மூச்சே நாறுவது போலிருந்தது.

முதலாளி உற்சாகமாகிவிட்டார். இதிலிருந்து யானையும் அதிலிருந்து கொடியும் எடுத்துக்கொண்டு, கோலாலம்பூர் ஆளிடம் சேர்த்து எழுதச் சொல்லப் போவதாகச் சொன்னார். சின்னப்பா ஏணி பிடித்து நிற்கலாம், அதற்கு ஏதாவது பார்த்துக் கொடுப்பாராம். மாதச் சம்பளமும் முன்கட்டு ஃபேனும் போன இடம் தெரியவில்லை. சொல்லிக்கொண்டே எச்சில் விரலால் யானையின் முதுகைத் தடவினார்.

சின்னப்பா அமைதியாகச் சொன்னார். இரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் பாதி முன்பணம். பணம் வந்தால் படம் இங்கே இருக்கும்.

"படம் என் மேசைமேல இருக்கு. குடுத்தாச்சு, இனிமே என்னா முன்பணம்?"

சின்னப்பா முதல் புளி உருண்டையை எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டாவதை எடுத்தார். எட்டு உருண்டைகள். ஒன்றுக்கும் அவசரப்படவில்லை. காகிதத்தில் பெயிண்ட் படாமலிருக்க இரண்டு உள்ளங்கையின் ஓரத்தாலும் உருட்டி உருட்டிச் சுருட்டினார். தனக்கு இழிவு செய்த படத்தை அவர் அவ்வளவு பதமாகச் சுருட்டுவதைப் பார்க்க ஜெயபாலனால் முடியவில்லை.

"டேய், இந்தக் கடைத்தெருவுல இனி ஒரு போர்டு உனக்குக் கிடைக்காது, தெரிஞ்சுக்க!" என்று முதலாளி தமிழில் கத்தினார்.

சின்னப்பாவுக்குச் சொல் புரிந்ததோ இல்லையோ, கத்தல் புரிந்தது. "தாக் அப்பா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். இரண்டு சுருளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

இவர்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். கோயில் மதிலோரத்து நிழலில் அவர் நின்றார். திரும்பினார். ஒரு சுருளைத் தம்பிராஜாவிடம் நீட்டினார், இன்னொன்றை ஜெயபாலனிடம் நீட்டினார். பிரித்துப் பார்க்கவில்லை. அவரவர் படம் மாறவும் இல்லை.

தம்பிராஜா வாங்கிக்கொண்டு அங்கேயே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

"அண்ணே" என்றான் ஜெயபாலன். தமிழில் சொல்வதா மலாயில் சொல்வதா என்று தெரியவில்லை. "அண்ணே, நான் வந்து..."

"காது நன்றாக வந்திருக்கிறது, தம்பி" என்றார் சின்னப்பா மலாயில். அவர் குரலில் ஒரு கேலி இருந்திருந்தால்கூட ஜெயபாலன் தாங்கிக்கொண்டிருப்பான். ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனின் வேலையைப் பார்த்துச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

பிறகு மதில் மூலையில் இருந்த தெருக்குழாயடிக்குப் போனார். மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டி, சிரமப்பட்டுக் குனிந்து, குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தார். விரலில் இருக்கும் பச்சைப் பெயிண்டைக் கழுவுகிறார் என்றுதான் ஜெயபாலன் முதலில் நினைத்தான். பெயிண்ட் தண்ணீருக்குப் போகாது, மண்ணெண்ணெய் வேண்டும். பலகை எழுதியே பிழைத்த மனிதருக்கு அது தெரியாதா?

பெயிண்ட் அப்படியேதான் இருந்தது. சின்னப்பா உள்ளங்கை, புறங்கை, சுருளை இடுக்கியிருந்த கக்கம்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார்.